மூன்று மொழிக் கல்லும் முப்பத்தோராம் நாள் மலரும்

காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கவிழ்த்துப் போடப்பட்டிருந்த கல்லை 1911இல் புரட்டிப் பார்த்தபோது, அதன் மறுபக்கத்தில் சீனமும் தமிழும் பாரசீகமும் இருந்தன. யொங்லே பேரரசரின் காலத்தில் சீனாவிலேயே செதுக்கி, 1409ஆம் ஆண்டைப் பொறித்து, செங் ஹே என்ற கடற்படைத் தலைவரின் கப்பலில் இலங்கைக்கு வந்த கல் அது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் அதில் அரசியலைப் படிக்கிறார்கள்: சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கும் ஏறக்குறைய ஒரே வகைக் காணிக்கைகளைச் சொல்கின்றன. எழுத்தையும் தாளையும் கொண்டு பிழைக்கிறவர்கள் அதே கல்லில் வேறொன்றைப் படிக்கலாம்.

மேலே இரண்டு டிராகன்கள், சுற்றிலும் பூங்கொடிக் கரை, உள்ளே மூன்று எழுத்துமுறைகள். சீனம் மேலிருந்து கீழாக இறங்குகிறது. தமிழ் இடமிருந்து வலமாகப் போகிறது. பாரசீகம் வலமிருந்து இடமாக வருகிறது. மூன்று திசைகளில் ஓடும் மூன்று எழுத்துகள் ஒரே பலகையில் ஒன்றையொன்று முட்டாமல் நிற்கின்றன. சீனம் வலப்பாதியை எடுத்துக்கொள்ள, தமிழும் பாரசீகமும் இடப்பக்கத்தை மேலும் கீழுமாகப் பங்கிட்டிருக்கின்றன. பங்கு சமமில்லைதான். ஆனாலும் தமிழுக்கு என்று ஒரு கட்டம் ஒதுக்கி, அந்தக் கட்டத்துக்கு அளவான எழுத்தை வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய கைக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. தெரியாத எழுத்தைக்கூட அதன் வளைவு கெடாமல் கல்லில் இறக்கலாம் என்பதற்கு அறுநூறு ஆண்டுப் பழமையான அத்தாட்சி அது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கொழும்பில் கிராஃபிக் டிசைன் வேலை செய்யும் எவரும், தமிழரோ சிங்களவரோ முஸ்லிமோ, ஒவ்வொரு நாளும் அந்தக் கல்லின் சிக்கலைத்தான் எதிர்கொள்கிறார்கள். ஒரு பெயர்ப்பலகை, ஒரு மருந்துப் பெட்டி, ஒரு வங்கிப் படிவம், எதை எடுத்தாலும் மூன்று மொழி. பெரும்பாலும் நடப்பது இதுதான்: சிங்களமும் ஆங்கிலமும் முதலில் இடம்பிடித்துவிடும், எஞ்சிய இடத்துக்குள் தமிழை நெருக்குவார்கள். தமிழில் சொல் நீளம். ஒரே செய்திக்கு அகலம் அதிகம் வேண்டும். ஆகவே எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து ஒடுக்குகிறார்கள், ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகின்றன, ‘ழு’வின் அடி அடுத்த வரியில் இடிக்கிறது. காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து தெஹிவளைப் பாலம் வரை நடந்தால் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழர் நடத்தும் கடைகளின் பலகைகளும் இதற்கு விலக்கல்ல என்பதுதான் மனத்தைக் கூடுதலாக உறுத்துகிறது.

இந்தத் துறைக்கு வரும் நம் பிள்ளைகள், ‘புது யோசனைக்கு எங்கே பார்ப்பது, பயன்படுத்த என்ன இருக்கிறது’ என்று கேட்கிறார்கள். வெளிநாட்டு வார்ப்புருக்களைக் காட்டித்தான் வழக்கமாகப் பதில் சொல்கிறோம். அந்த வார்ப்புருக்கள் ரோமன் எழுத்துக்காகச் செய்தவை. அதில் தமிழைப் போட்டால் இரவல் சட்டை போட்டதுபோல எங்காவது இறுக்கும், எங்காவது தொங்கும். அவர்களுக்குச் சொல்ல வேறொரு பதில் இந்த நகரத்திலேயே இருக்கிறது. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையிலான சில மைல்களுக்குள், தமிழ் எழுத்தை வெவ்வேறு நெருக்கடிக்குள் வைத்துத் தீர்வு கண்ட மனிதர்களின் வேலை இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்து கிடக்கிறது. அதைப் பார்க்கப் பழகவில்லை, அவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை மேட்டில் 1757இல் கட்டி முடிக்கப்பட்ட வுல்ஃபென்டால் தேவாலயத்துக்குள் போனால், தரையெங்கும் ஒல்லாந்தர் கல்லறைப் பலகைகள். குடும்பச் சின்னம், அதன் கீழே பெயர், அதன் கீழே திகதிகள் என்று ஒரு படிநிலை. எது பெரிது, எது சிறிது, எங்கே மூச்சுவிட இடம் விடவேண்டும் என்பதைக் கல்வெட்டிய தச்சர்கள் அறிந்திருந்தார்கள். அதே ஒல்லாந்தர் ஆட்சிதான் கொழும்பில் அச்சுக்கூடம் அமைத்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆயுதசாலையில் பணியாற்றிய கப்ரியேல் ஷாடே முதல் சிங்கள அச்செழுத்துகளை வெட்ட, 1737இல் முதல் சிங்கள நூல் வெளிவந்தது. தமிழும் அங்கே அச்சேறியது. கொழும்பில் பிறந்த தமிழ்ப் போதகர் பிலிப்பு தெ மெல்லோவின் உழைப்பில் உருவான தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் இதே நகரத்தில் அச்சாயிற்று. துப்பாக்கி செப்பனிடும் இடத்திலிருந்து எழுத்து வெட்ட வந்த ஷாடேயின் பெயர் நமக்குத் தெரியும். கம்பெனி தன் கணக்குகளை ஒழுங்காக எழுதிவைத்ததால் கிடைத்த பெயர் அது. அவருக்குப் பின்வந்த நூற்றுக்கணக்கான கைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அச்சின் கதையில் ஒரு நுணுக்கம் இன்றைய டிசைனருக்கு நேரடியாகப் பயன்படும். 1713இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் அச்செழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்யப்பட்டவை. அளவில் மிகப் பெரியவை. தாளோ கப்பலில் வரவேண்டும். ஒரு நூல் அச்சிடுவதற்குள் தாள் தீர்ந்துவிடும் நிலை. ஆகவே பொறையாறில் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். தமிழ் எழுத்து சிறிதானது அழகுக்காக அல்ல, தாள் தட்டுப்பாட்டால். சிறிதாக்கும்போது எந்தச் சுழியைத் திறந்துவிட வேண்டும், எந்தக் கோட்டைத் தடிப்பாக்க வேண்டும் என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது. 2022இல் இந்த நாட்டில் தாள் இல்லாமல் சில பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பே நின்றபோது, பரீட்சைகள் தள்ளிப்போனபோது, ஓர் ஏ4 தாளில் எவ்வளவு அடக்கலாம் என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்குப் பொறையாறு ஒன்றும் தொலைவான ஊரல்ல.

அச்சிலிருந்து மீண்டும் கல்லுக்குப் போனால், கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசர் கோயில் இருக்கிறது. பொன்னம்பல முதலியார் கட்டிய கோயிலை, அவருடைய மகன் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கிக் கருங்கல்லால் மீளக் கட்டுவித்தார். தூண் ஒவ்வொன்றிலும் ஒரே அலகு திரும்பத் திரும்ப வந்தும் சலிக்காமல் இருப்பது எப்படி, நிழலையே ஒரு கோடாகப் பயன்படுத்துவது எப்படி என்பதை அங்கே ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பார்க்கலாம். வர்ணமே இல்லாத கோயில் அது. வர்ணத்தைக் கொட்டி வெற்றிடத்தை நிரப்பும் பழக்கத்துக்கு அதைவிட நல்ல மருந்து கொழும்பில் கிடையாது.

அதே 1907இல், இராமநாதனின் மாமன் மகன் இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் புத்தகம் ஒன்றை அச்சிட்டுக்கொண்டிருந்தார். 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமிதான் அவர். கனிப்பொருள் ஆய்வாளராக இலங்கையைச் சுற்றியவர், கற்களைத் தேடிப்போன இடங்களில் கைவினைஞர்களைக் கண்டார். பாய் முடைபவர், தந்தம் செதுக்குபவர், துணியில் பூ இழைப்பவர், அரக்குப் பூசுபவர் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கருவிகளையும் வடிவங்களையும் குறித்துக்கொண்டார். மனைவி எத்தெல் ஒளிப்படம் எடுத்தார். அந்தப் பதிவுகளிலிருந்து பிறந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல் வெளிவந்தது. 425 பிரதிகள். ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மொரிஸ் தன் கெல்ம்ஸ்கொட் நூல்களை அச்சிட்ட அதே கை அச்சுப்பொறியில், குமாரசுவாமியின் மேற்பார்வையில், ஓராண்டுக்கு மேலாகத் தாள் தாளாக அச்சடிக்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தை நான் பெரிதாக எண்ணுகிறேன். ஒரு தமிழர், தன் நாட்டின் சிங்களக் கைவினையைத் தன் சொந்தச் செல்வமாக நினைத்து, அதைப் பதிவு செய்யும் புத்தகத்தின் எழுத்து, ஓரம், தாள், மை எல்லாவற்றையும் தானே தீர்மானித்தார். மொரிஸிடம் எடுத்துக்கொண்டது முறையை. உள்ளடக்கம் கண்டியின் பட்டறைகளிலிருந்து வந்தது. வெளியே பார்ப்பதும் உள்ளே தேடுவதும் எப்படி ஒரே வேலையாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான மாதிரி எனக்குத் தெரியவில்லை. அந்த நூலின் பிற்பதிப்புகளைப் பெரிய நூலகங்களில் பார்க்கலாம். அதன் கரைவடிவப் படங்களை ஒரு முறையாவது கையால் பிரதிசெய்து பார்த்த டிசைனர், அதன்பின் இணையத்தில் கிடைக்கும் ‘எத்னிக்’ கரைகளைத் தொடத் தயங்குவார்.

பத்திரிகைகளுக்கு வருவோம். 1930இல் வீரகேசரி, 1932இல் தினகரன். முன்னது செட்டிநாட்டுச் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கியது, பின்னது லேக் ஹவுஸின் வெளியீடு. ஒரு நாளிதழின் பக்கம் எப்படி வளர்ந்தது என்பதை அந்தப் பழைய இதழ்களைப் புரட்டினால் காணலாம். விளம்பரங்களே தனிப் படிப்பு. ஆனால் எழுத்து என்பது இந்த நகரில் வெறும் அழகு விவகாரமாக இருந்ததில்லை. 1957, 1958இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமானபோது வடக்கிலும் கிழக்கிலும் அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள். பதிலுக்குக் கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். அடுத்த சில வாரங்களில் கலவரம். ஒற்றை எழுத்துருவத்தை வைத்து உயிர்கள் போன நாட்டில், தமிழ் எழுத்தை ஒரு பலகையில் எந்த அளவில் எங்கே வைப்பது என்பது சின்ன முடிவல்ல. ஒடுங்கிப்போன தமிழ் எழுத்தைப் பார்க்கும் வாசகர் ‘இந்த இடத்தில் எனக்கு இவ்வளவுதான் பங்கு’ என்று வாசிக்கிறார். வடிவமைத்தவர் அப்படி நினைக்காமல் இருந்திருக்கலாம். பலகை அப்படித்தான் சொல்கிறது.

அந்தக் கொந்தளிப்புக்குப் பின்வந்த தலைமுறைதான் நம்முடைய நல்ல அச்சுக்கலையைத் தந்தது. பம்பாயில் கேலிச்சித்திரம் பழகிவந்த சிவஞானசுந்தரம் 1963இல் கொழும்பில் ‘சிரித்திரன்’ தொடங்கினார். அவருடைய சவாரித்தம்பர் என்ற கேலிச்சித்திரப் பாத்திரத்தைப் பாருங்கள். வேட்டி, சால்வை, நிற்கும் நிலை என்று நாலைந்து கோடுகளில் யாழ்ப்பாணத்துக் கிராமத்து மனிதர் முழுமையாக வந்துவிடுவார். அப்படியொரு பாத்திரத்தை எந்த வார்ப்புருவிலும் எடுக்க முடியாது. 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’, பின்னாளில் கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதிக்கு இடம்பெயர்ந்து 2012 வரை வந்தது. அட்டையில் எழுத்தாளர், ஆசிரியர், கலைஞர் என்று இங்குள்ள மனிதர்களின் முகங்களைப் போட்டார் ஜீவா. நடிகைகளின் படம் விற்கும் காலத்தில் எடுத்த முடிவு அது. தொடர்ந்து எடுத்த முடிவு என்பதுதான் அதன் பலம். அட்டைகளை வரிசையாக வைத்தால் ஈழத்து இலக்கியத்தின் முகவரிசை கிடைக்கிறது.

1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வாசகருக்கு அது இழப்பு, அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த வெற்றிடத்தில் வீரகேசரிப் பிரசுரங்கள் வந்தன, மலிவுவிலை நாவல்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை தேவைப்பட்டது. ரமணி போன்ற ஓவியர்கள் நிறைய வரைந்தார்கள். இரண்டு மூன்று வர்ணம், புளொக் அச்சு, குறைந்த கூலி. இந்தத் தடைகளுக்குள் அவர்கள் செய்த அட்டைகளில் தலைப்பெழுத்துகளை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலானவை கையால் எழுதியவை. கதைக்கு ஏற்ப ஒரு ‘ற’ சாயும், ஒரு ‘கொ’வின் கொம்பு நீளும். அதே காலத்தில் தமிழ்நாட்டில் ஓவியர் ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்து வரைந்து அந்தக் கலையின் போக்கையே மாற்றினார். ஒரு கடலின் இரண்டு கரைகளிலும் ஒரே வேலை நடந்தது. 1978இல் தமிழ்நாடு அரசு ணை, லை, னை போன்றவற்றின் புதிய வடிவங்களை ஏற்றபோதும், இலங்கை அச்சகங்கள் பழைய தும்பிக்கை வடிவங்களை உடனே கைவிடவில்லை. ஈயத்தில் வார்த்த எழுத்தை ஓர் அரசாணை வந்த மறுநாள் தூக்கிவீசிவிட முடியாது. எண்பதுகளின் ஈழத்து நூலைத் திறந்தால் அந்தப் பழைய வளைவுகளைச் சந்திக்க நேர்வது அதனால்தான்.

பிறகு நெருப்பு. 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது, 97,000 நூல்கள் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தன. 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அலுமாரிகளோடு போன இதழ்களுக்கும் அட்டைகளுக்கும் கணக்கே இல்லை. மற்ற நாட்டு டிசைனர் தன் முன்னோரின் வேலையை ஒரு நூதனசாலைக்குப் போய்ப் பார்த்துவிடலாம். நம்முடையவர் அதை ஒவ்வொரு துண்டாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் அருமை இங்கேதான். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டுப்பிரசுரங்களையும் அட்டையோடு மின்வருடி எவரும் பார்க்க வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் அதை உள்ளடக்கத்துக்காகத் திறக்கிறார்கள். டிசைனர்கள் அட்டைகளுக்காகத் திறக்க வேண்டும். ஒரு பத்தாண்டை எடுத்துக்கொண்டு அதன் இதழ் முகப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டே போனால், ஒரு கல்லூரி தராத பயிற்சி கிடைக்கும். நேரில் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில், இன்றைய உருத்திரா மாவத்தையில், 1942 முதல் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது.

அப்படிச் சேர்ந்தவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது, எவரும் டிசைன் என்று எண்ணாத ஒன்று. ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நாம் வெளியிடும் கல்வெட்டு, நினைவு மலர். வெள்ளவத்தையின் சிறு அச்சகங்களுக்கும் கணினி வைத்திருக்கும் ஒற்றை ஆள் கடைகளுக்கும் ஆண்டு முழுக்கச் சோறு போடும் வேலை இது. முன் அட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கைக் குறிப்பு, மனைவி மக்களின் புலம்பல், பேரப்பிள்ளைகளின் வரிகள், கடைசியில் நன்றி நவிலல். பழைய மலர்கள் சிலவற்றில் ஊரின் வரலாறும் கோயிலின் வரலாறும் இருக்கும். நடுவே வம்சாவளி.

அந்த வம்சாவளிப் பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாலு தலைமுறை, இரண்டு பக்கத்து உறவு, மறுமணம், பெறாமகன், பிரான்சிலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பரவிய பேரப்பிள்ளைகள். இவ்வளவையும் கைக்கடக்கமான ஒரு விரிப்பில் அடக்க வேண்டும். பெயர்கள் நீளமானவை. கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. யாரையும் விட்டுவிடக் கூடாது, விட்டால் அடுத்த முப்பது ஆண்டுக்குப் பேச்சுவார்த்தை இராது. தகவல் வட்ஸ்அப்பில் துண்டுதுண்டாக வரும், திருத்தம் லண்டனிலிருந்து நள்ளிரவில் வரும், மலர் மதியச் சாப்பாட்டுக்கு முன் மண்டபத்தில் இருக்க வேண்டும். தகவல் வடிவமைப்பு என்று பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தும் விடயத்தை நம் அச்சகத்துத் தம்பிமார் ஒரு மாத அவகாசத்துக்குள் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சிலர் மிக அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். பெண்வழியை ஒரு கோட்டுத் தடிப்பிலும் ஆண்வழியை இன்னொன்றிலும் காட்டியதைக் கண்டிருக்கிறேன். மறைந்தவர்களின் பெயரை வெளிறிய மையில் அச்சிட்டதையும் கண்டிருக்கிறேன்.

ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முழுமையற்ற தோம்பு’ (தோம்பு என்றால் காணிப் பதிவேடு) என்ற ஆங்கில நூல் இந்த மரபுக்கு மிக அருகில் நிற்கிறது. இடம்பெயர்ந்த மக்கள் இழந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த வரைபடங்கள், அவற்றைக் கட்டடக் கலைஞரின் அளவுப்படங்களாக மாற்றியவை, அவற்றுக்கு எதிர்வினையாகச் சனாதனன் தீட்டிய ஓவியங்கள் என மூன்றையும் அடுக்கடுக்காக வைத்த நூல். நம் துயரத்துக்கு நம் அலுவலகக் கோப்புகளின் வடிவத்திலிருந்தே ஒரு மொழி எடுக்கலாம் என்று காட்டியது அது.

கருவிகள் விடயத்தில் ஒரு சொல். சுண்டுக்குளியில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சின் விசை ஒழுங்குதான், பாமினி எழுத்துரு வழியாக இன்னும் கொழும்பின் அச்சகங்களில் ஓடுகிறது. பாமினிக்குப் பழகிய விரல்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதில் தட்டிய மலரின் எழுத்தை எந்தக் கணினியும் தமிழாகத் தேடிக் கண்டுபிடிக்காது. கோப்புத் திறக்கும், பெயர் கிடைக்காது. ஒருங்குறியில் இன்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே இருக்கின்றன. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்த பவனம் நீளப் பத்திகளுக்கு இதமானது. அவருடைய கவிவாணரில் கையெழுத்தின் சாய்வு உண்டு. கொழும்பின் மூனியாக் குழுவினர், சுவர்களில் தகடு வைத்துப் பூசும் எழுத்துகளைப் பார்த்துச் செய்த ‘போஸ்ட் நோ பில்ஸ்’ வரிசையில் சிங்களத்துக்குக் கொழும்பு என்றும் தமிழுக்கு யாழ்ப்பாணம் என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். வீதியைப் பார்த்து எழுத்துச் செய்யலாம் என்பதற்கு நம் காலத்து உதாரணம் அது. மூன்று மொழி வேலையில் தமிழை முதலில் கோத்துவிட்டு, அதற்கேற்ற அளவில் மற்ற இரண்டையும் வைத்துப் பாருங்கள். மிக நீளமான சொல்லுக்கு இடம் கிடைத்துவிட்டால் மற்றவை தாமாகவே அமரும்.

அச்சகக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கொட்டாஞ்சேனையிலும் ஆட்டுப்பட்டித்தெருவிலும் பழைய அச்சகங்கள் மூடும்போது ஈய எழுத்தும் மரப் புளொக்கும் கிலோக் கணக்கில் போகின்றன. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படி மையிட்டு எடுத்து வையுங்கள், அல்லது ஒளிப்படமாவது எடுத்து நூலகம் எண்ணிம நூலகத்துக்கு அனுப்புங்கள். இன்னொன்று: பழைய நூல்களில் அச்சகத்தின் பெயரும் ஊரும் தவறாமல் இருக்கும், அட்டை வரைந்தவரின் பெயரும் பல நூல்களில் இருக்கும். இன்றைய கல்வெட்டுகளில் சமையல் செய்தவருக்கும் பந்தல் போட்டவருக்கும் நன்றி இருக்கிறது, பக்கங்களை அமைத்தவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் எட்டுப் புள்ளி அளவில் ஒரு வரி போதும்: வடிவமைப்பு, பெயர், ஒழுங்கை, ஆண்டு.